ஓமஹாவை எந்தக் கட்சியின் ஊர் என்று சொல்வது?

அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தில் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கக் குடியரசுக் கட்சியின் நிறமான சிவப்பாக இருக்கும். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு நீலப் பொட்டு. அதுதான் ஓமஹா, நான் வாழும் ஊர். மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பொட்டை வைத்து இதை 'ஜனநாயகக் கட்சியின் கோட்டை' என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சுத்தமாக உடன்பாடு இல்லை.

2020 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓமஹாவை மையமாகக் கொண்ட இரண்டாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியில் அதிபர் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் பைடன் ஜெயித்தார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், காங்கிரஸ் இடத்துக்குக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கனும் ஜெயித்தார். பேக்கன் ஓய்வுபெற்ற விமானப்படை ஜெனரல், பக்கத்திலுள்ள ஆஃபட் தளத்தில் பொறுப்பு வகித்தவர். பைடனின் உள்கட்டமைப்பு மசோதாவுக்கு 2021இல் ஆதரவாக வாக்களித்த 13 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர். 2024இலும் இதே கதைதான்: அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ், காங்கிரஸுக்கு மறுபடி பேக்கன். மேயர் பதவியிலோ குடியரசுக் கட்சியின் ஜீன் ஸ்டொதர்ட் 2013 முதல் 12 ஆண்டுகள் இருந்தார். 2025 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் ஜான் யூயிங் அவரைத் தோற்கடித்து, தேர்தலில் வென்று மேயரான முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஆளைப் பார்த்து, அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று பார்த்து வாக்களிப்பவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊரின் அமைப்பும் இதற்குக் காரணம். வடக்கு ஓமஹா பல தலைமுறைகளாகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. மால்கம் எக்ஸ் 1925இல் பிறந்தது இந்த ஊரில்தான். தெற்கில் இறைச்சி ஆலைகளை நம்பி முதலில் செக், போலந்துக் குடும்பங்கள் வந்தன, பிறகு மெக்சிகோக்காரர்கள். 72ஆம் தெருவைத் தாண்டி மேற்கே போனால் காப்பீடு, வங்கி, ரயில்வே அலுவலகங்களில் வேலை செய்பவர்களின் புறநகர். ஒரு காலத்தில் அங்கே குடியரசுக் கட்சிக்கு யோசிக்காமல் வாக்குப் போட்டார்கள். டிரம்ப் வந்த பிறகு அதிபர் தேர்தலில் மட்டும் பலர் விலகினார்கள். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவர்கள்தான்.

சரி, ஒரு நடுத்தர ஊரைப் பற்றி நாடே ஏன் பேசுகிறது? மற்ற 48 மாநிலங்களில், மாநிலத்தில் ஜெயித்தவருக்கே, அதிபரைத் தீர்மானிக்கும் எலக்டோரல் வாக்குகள் எல்லாம். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும்தான் விதிவிலக்கு. நெப்ராஸ்காவின் ஐந்து வாக்குகளில் இரண்டு மாநில அளவில் வென்றவருக்கு, மீதி மூன்றும் தொகுதிக்கு ஒன்றாகப் போகும். 1992 தேர்தலிலிருந்து இதுதான் முறை. 2008 முதல் நடந்த ஐந்து தேர்தல்களில் எங்கள் தொகுதி ஒபாமா, குடியரசுக் கட்சியின் ராம்னி, டிரம்ப், பைடன், ஹாரிஸ் என்று தந்திருக்கிறது. மாநில அளவிலோ ஜனநாயகக் கட்சி கடைசியாக வென்றது 1964இல்.

2024 செப்டம்பரில் இந்த முறையை ஒழிக்கப் பெரிய அழுத்தம் வந்தது. கடும்போட்டி மாநிலங்களில் ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சினை மட்டும் தக்கவைத்தால் ஓமஹாவின் ஒரு வாக்கோடு, அதிபராகத் தேவையான 270 சரியாகக் கிடைக்கும். அது இல்லையென்றால் 269-269. தென் கரோலினா செனட்டர் லிண்ட்சே கிரஹாமே நெப்ராஸ்காவுக்கு வந்து பேசிப் பார்த்தார். கடைசியில் தடுத்தது மைக் மெக்டானல். அதே ஆண்டுதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறிய ஓமஹா சட்டமன்ற உறுப்பினர் அவர். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு விதியை மாற்ற மாட்டேன் என்று நின்றார். அவருடைய அரசியலில் பலவற்றை நான் ஏற்காதவன். ஆனால் அந்த முடிவுக்கு மனதாரத் தலைவணங்குகிறேன்.

'மற்ற மாநிலங்கள் பிரிக்காதபோது நாம் மட்டும் ஏன்?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாடு முழுக்கத் தொகுதிவாரியாக மாற்றினால், தொகுதி எல்லைகளை வளைத்து வரைபவர்கள் கையில் அதிபர் தேர்தலும் போய்விடும். அதை நான் ஆதரிக்க மாட்டேன். எங்கள் தொகுதியிலேயே 2021இல் கிராமப்புற சாண்டர்ஸ் கவுன்ட்டியைச் சேர்த்தார்கள். ஆனாலும் இங்கே இருக்கும் முறையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எந்த வேட்பாளரும் நெப்ராஸ்கா பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார். அதனால் நஷ்டம் ஜனநாயகக் கட்சிக்கு மட்டுமா? ராம்னிக்கும் டிரம்புக்கும் இதே தொகுதியில் வாக்களித்தவர்களையும் அதன்பிறகு யாரும் தேடி வரமாட்டார்கள்.

2025இல் இந்த முறையை ஒழிக்கும் மசோதா திரும்ப வந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக மாநிலச் சட்டமன்றத்தின் 49 உறுப்பினர்களில் 33 பேர் வேண்டும், கிடைக்கவில்லை. மறுபடியும் வரும், சந்தேகமே வேண்டாம். குடியுரிமை பெற்று இங்கே வாழும் நம்மவர்கள் பலர் அதிபர் தேர்தலுக்கு மட்டும் வரிசையில் நிற்கிறார்கள். மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் பெயர்கூடத் தெரிவதில்லை. அடுத்த முறை அவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது, இந்த 33இல் நீங்கள் ஒருவரா என்று கேட்டுவிட்டு அப்புறம் வாக்கைப் பற்றிப் பேசுங்கள்.