தங்கை மடித்த இலை

ஞாயிற்றுக்கிழமை கிருகப்பிரவேசப் பந்தியில் என் தங்கையின் இலையைப் பார்த்து, அவள் பருமனைச் சொல்லி, வாயைக் கட்டச் சொன்னார் பெரியப்பா. அந்த வார்த்தைகளை இங்கே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை, அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். "பருமனில் பிளாஸ்டிக்குக்கும் பங்கு இருக்கலாம்" என்று நான் சொன்னதும் எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

உடல் பருமனைச் சாப்பிடும் அளவு ஒன்றால் மட்டும் விளக்க முடியாது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள் அந்தப் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லாததால், சூடும் எண்ணெயும் பட்டால் எளிதில் கசிகின்றன. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று கிடந்தது. எண்ணெய்த் தூக்கு வைக்கும் மூலை மட்டும் நாளடைவில் விறைத்து, மடித்தால் வெடிக்கும்படி ஆனது. அதை மிருதுவாக வைத்திருந்த பொருள் எண்ணெயோடு போயிருக்கிறது என்பது வெகுகாலம் கழித்தே எனக்குப் புரிந்தது. பொரித்த அப்பளத்தைத் தட்டில்லாமல் அதன் மேலேயே வைத்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும்.

தாலேட்டுகளில் ஒன்றான டிஇஹெச்பி உடலுக்குள் எம்இஹெச்பி என்ற பொருளாக மாறி, கொழுப்புச் செல்கள் உருவாவதை நடத்தும் பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியை (செல்லுக்குள் வேதிச் செய்தியை வாங்கிச் செயல்படும் புரதத்தை) தூண்டுவதை ஆய்வகச் செல்களில் கண்டிருக்கிறார்கள். கொழுப்பைப் பெருக்கும் இத்தகைய வேதிப்பொருள்களுக்கு 2006-இல் 'ஒபிசோஜென்' என்று பெயர் வைத்தவர்கள் இர்வைனிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் பிளம்பெர்க்கும் ஃபெலிக்ஸ் குருனும். 2007-இல் வெளியான ஆய்வொன்றில், சிறுநீரில் சில தாலேட் கழிவுகள் (தாலேட்டுகள் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) கூடுதலாக இருந்த அமெரிக்க ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவும், இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாக இருந்தன.

"தொடர்பு இருந்தால் காரணமாகிவிடுமா?" என்பீர்கள். ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். "தாலேட்டுகள் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடுமே" என்பவர்களுக்கு: போகிறது, மறுநாள் சாப்பாட்டோடு மறுபடியும் வருகிறது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேர் 3 நாள் பொட்டலமிடாத புதிய உணவு மட்டும் உண்டபோது அவர்கள் சிறுநீரில் டிஇஹெச்பி கழிவுகள் பாதிக்கு மேல் குறைந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. "அப்படியானால் எல்லாரும் ஏன் பருக்கவில்லை?" ஒரே வெயிலில் நின்றவர்களில் எல்லாருக்குமா மயக்கம் வருகிறது?

இதைச் சாக்காக்கி எதையும் தின்னலாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தங்கை சோற்றை அளந்து போட்டுக்கொள்ளத் தொடங்கி நான்கு வருடமாகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கப் போகிறாள். அவளைப் பார்த்தா வாயைக் கட்டச் சொன்னீர்கள்? பாயசம் வருமுன்பே இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். நீங்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள், பெரியப்பா. எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவளுக்கு ஒருமுறை போன் செய்யுங்கள்.