கல்லா டேலி ஆகாத ராத்திரி

தொழிலில் நேர்மை என்றதும் ஏதோ தவம் மாதிரிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், கடையடைக்கும் முன் செய்ய வேண்டிய கால் மணி நேர வேலை அது. கெட்ட புத்தியில் சொல்கிற பொய் கொஞ்சம்தான். செய்யாமல் விட்ட வேலையை மூடி மறைக்கச் சொல்கிற பொய்தான் எங்கும். காசுக்கும் நேர்மைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், நாணயம் என்று. இரண்டையும் தினம் எண்ணித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லாவையே எடுத்துக்கொள்வோம். காலை இருப்போடு ரொக்க விற்பனை, வசூலான பாக்கி இரண்டையும் கூட்டுங்கள். செலவு, வீட்டுக்கு எடுத்தது, பேங்கில் கட்டியது மூன்றையும் கழியுங்கள். மிச்சம் பெட்டியில் இருக்க வேண்டும். கணக்கும் பெட்டியும் ஒத்துப்போகவில்லையா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் 54ஐ 45 என்று எங்கோ மாற்றி எழுதியிருக்க வாய்ப்புண்டு. வகுபடவில்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையை நோட்டில் தேடுங்கள். வரவில் ஏற வேண்டியது செலவில் ஏறியிருக்கலாம். அப்படியும் பிடிபடாவிட்டால் ‘வித்தியாசம்’ என்றே எழுதி, தேதி போட்டு விடுங்கள். ‘இதர செலவு’ என்று போட்டு டேலி பண்ணினால் போச்சு. இங்கே காணாமல் போவதை யாரும் தேடுவதில்லை என்பது கல்லாவில் கை வைக்கிற எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐ.டி. கம்பெனியின் விவகாரம் ஞாபகம் இருக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் நடுவே முதலில் சின்ன இடைவெளிதான் இருந்தது, வருஷா வருஷம் பெருத்தது என்பதும் அதே கடிதத்தில்தான். ‘இந்த முறை லாபம் குறைவு’ என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து தள்ளுபடி. இதில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் யாரும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில்லை. விற்பனை விலை 100, அடக்க விலை 75 என்று வையுங்கள். 10 சதவீதம் குறைத்தால் 25 நின்ற இடத்தில் 15தான் நிற்கும். பழைய லாபமே வேண்டுமென்றாலும், 3 விற்ற இடத்தில் 5 விற்க வேண்டும். அவ்வளவு விற்காது. அப்போதுதான் சரக்கில் கை வைக்கத் தோன்றும்: கொஞ்சம் மட்ட ரகம் கலக்கலாமா, அளவில் ஒரு பிடி குறைக்கலாமா என்று. வாடிக்கையாளர் பேரம் பேசும்போதே ‘கட்டுபடியாகாதுங்க’ என்று சொல்ல முடிந்தவருக்கு இந்த யோசனையே வராது.

தராசு பற்றி ஒரு வரி: தெரிந்த எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எடை மாறினால், நீங்கள் அறியாமலே யாரையோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது ஏமாறிக்கொண்டிருக்கிறீர்கள்.

சொன்ன தேதிக்கு முடிக்காதவர்களைச் சோம்பேறி என்கிறோம். அதில் பலர் ராத்திரி பகலாக உழைப்பவர்கள். தேதி சொல்லும்போது கை வேலைக்கான நேரத்தை மட்டும்தான் கூட்டுகிறார்கள். மூலப்பொருள் வந்துசேர ஆகும் நாள், வரிசையில் ஏற்கெனவே நிற்கிற ஆர்டர், கடைசியில் வருகிற திருத்தம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. தாமதமாகும் என்று தெரிந்த அன்றே போன் பண்ணி மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எது தாமதம், புதுத் தேதி என்ன, காத்திருக்க முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது. வாங்கிய அட்வான்ஸைத் தொடாமல் தனியாக வைத்திருந்தால்தான் இந்த மூன்றாவதைச் சொல்ல வாய் வரும். ஒருவர் கொடுத்த அட்வான்ஸில் இன்னொருவருக்குச் சரக்கு வாங்கிப் போட்டவருக்கு ‘நாளைக்கு ரெடி சார்’ என்பதைத் தவிர வேறு வசனம் கிடையாது.