பி0171 வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டாம்

காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் (கோடு படிக்கும் கருவி) பி0171 (P0171) என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோடு, வந்தால் ஆக்சிஜன் சென்சார் (புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்ப்பது) போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் ஒரு திருத்தம்.

அந்தக் கோடு சொல்வது இவ்வளவுதான்: முதல் பேங்கில் (முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்) காற்று அதிகம், அல்லது பெட்ரோல் குறைவு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். சென்சாரே தப்பாகக் காட்டுவதும் உண்டு, ஆனால் அபூர்வம். அதன் சர்க்யூட்டில் பழுது என்றால் பெரும்பாலும் பி0130 முதல் பி0135 வரையிலான கோடுகளில் ஒன்று வரும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றி என்ன பயன்?

நீங்களே சோதிக்கலாம். எஞ்சின் சூடானதும் ஸ்கேனரில் லைவ் டேட்டா போய் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருக்கும். ஐட்லிங்கில் +20, +25 என்று காட்டி, 2500 ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் பிடித்தால் இறங்கிவிடுகிறதா? வேக்குவம் லீக்கை, அதாவது எஞ்சினுக்குள் காற்று திருட்டுத்தனமாக நுழையும் ஓட்டையைத் தேடுங்கள். இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) பக்கத்து ரப்பர் குழாய்களை, முக்கியமாக வளைவின் அடிப்பக்கத்தை, விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு மேலாகப் பார்த்தால் தெரியாது. மாறாக ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃபியூயல் பிரஷரையும், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) இருந்தால் அதில் அழுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புது சென்சார் போட்டு கோடை அழித்தவர்களும் இதே டிரிம்மை ஒருமுறை பார்த்துவிடலாம். ப்ளஸ்ஸில் அப்படியே நின்றால் அந்தக் கோடு திரும்பி வரும்.