ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு மட்டும்தானா?

இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளம் தெரிந்தது அல்லது பனிமூட்டத்தால் தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் விடையாக வருகிறது. 3,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்புள்ள ஒரு தேசியப் பூங்காவை, அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் சில நிமிடங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது அந்த நிலத்துக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து.

உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் இணைக்கும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 800 மீற்றருக்கும் அதிகமாக இறங்கும் அந்தப் பள்ளத்தை முதன்முதலில் பார்ப்பவர் எவரும் சற்று நேரம் பேசாமல்தான் நிற்பார். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பனி எழுந்து காட்சியை மறைத்துவிடக்கூடும் என்பதால், வருகிறவர்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே நுழைவாயிலில் குவிந்து, ஒரே பாதையில், ஒரே அவசரத்தோடு நடக்கிறார்கள். பாடசாலை விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் முன்னால் செல்பவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

அதே பூங்காவுக்குள்தான் இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களான கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடைபாதைகள் உண்டு. இரண்டிலும் கூட்டம் மிகக் குறைவு. மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலை பாதுகாப்பு வலயமாக இருப்பதால், நாம் காலால் நடந்து ஏறக்கூடிய உயரங்களில் 2,380 மீற்றருக்கும் மேற்பட்ட கிரிகல்பொத்தவே முதலாவது. அப்படியிருந்தும் அதன் பெயரைக்கூட அறியாமல் திரும்பிவிடுபவர்களே அதிகம்.

பூங்காவின் பார்வையாளர் நிலையம் உள்ள ஃபார் இன் பகுதியிலிருந்து தொடங்கும் கிரிகல்பொத்தப் பாதை, போக ஏழு, வர ஏழு என்று ஏறத்தாழ 14 கிலோமீற்றர். முதலில் திறந்த புல்வெளி. பிறகு கால் புதையும் சதுப்பும் சிறு ஓடைகளும். அதன் பின் முகில்காடு. அங்கே மரங்கள் குட்டையாக, முறுக்கேறிய கிளைகளோடு, பாசி போர்த்து நிற்கின்றன. காற்றில் வரும் பனிமூட்டம் இலையிலும் பாசியிலும் படிந்து துளித்துளியாக மண்ணில் இறங்குகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் நீர் இந்த மேட்டுநிலத்திலிருந்து தொடங்குகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அது எப்படி நடக்கிறது என்பதைத் தோளில் சொட்டும் நீராக உணர வேண்டுமானால் இந்தக் காட்டுக்குள் மெதுவாக நடக்க வேண்டும். உலக முடிவில் எல்லோரும் சபிக்கும் அதே பனிமூட்டம்தான் இங்கே காட்டுக்கு உணவாகிறது. கடைசிப் பாறை ஏற்றத்தைக் கடந்தபின் வானம் தெளிந்திருந்தால் மேற்கே சிவனொளிபாத மலை தெரியும். தெளியாவிட்டாலும் அந்த நடை வீணானதாக எனக்குத் தோன்றவில்லை.

முழு நாளையும் ஒதுக்க முடியாதவர்களுக்குத் தொட்டுபொல போதும். பட்டிப்பொல நுழைவாயிலிலிருந்து உள்ளே செல்லும் வீதியோரத்தில் தொடங்கும் அந்த ஏற்றம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர்தான். ஒஹிய புகையிரத நிலையத்திலிருந்து மேலேறும் வீதியில் நடந்து வருவதும் ஒரு நல்ல வழி.

இப்படி எழுதினால் அமைதியான இடங்களுக்கும் கூட்டத்தை அழைத்துச் செல்வதாகாதா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். 1969 இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டு, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நிலம் இது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக இங்கே மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. வெளியிலிருந்து வந்த முட்புதர்கள் புல்வெளியில் பரவியிருக்கின்றன. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட தேவாங்கு வகை ஒன்று இந்த மலைக்காடுகளில் மீண்டும் கண்டறியப்பட்டதும் அண்மைக் காலத்தில்தான். ஆகவே எல்லோரும் கிரிகல்பொத்தவுக்குச் செல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீண்ட நடைக்கு உடலும் மனமும் ஆயத்தமாக உள்ளவர்கள், இரண்டு மூன்று பேராக, பாதையை விட்டு விலகாமல் செல்ல வேண்டும் என்கிறேன்.

பாதையை விட்டு விலகாமல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சேற்றைக் கண்டதும் சப்பாத்து நனையுமே என்று பக்கத்துப் புல்லில் கால் வைக்கிறோம். அடுத்தவர் இன்னும் சற்றுத் தள்ளி வைக்கிறார். சில மழைக்காலங்களுக்குள் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையின் அகலத்துக்கு விரிந்து, வேர்ப்பிடிப்பை இழந்த மண் ஓடையில் கரைகிறது. சேற்றுக்குள்ளேயே நடந்துவிடுவதுதான் சரி. அதற்கேற்ற பாதணியோடு வர வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டாம். வாகனத் தரிப்பிடத்தில் மரைகளுக்கு பிஸ்கட் கொடுக்கும் பழக்கமும் நிற்க வேண்டும். கையிலிருந்து உண்ணப் பழகிய காட்டு விலங்கு பொலித்தீனையும் சேர்த்தே விழுங்குகிறது.

செல்ல விரும்புவோருக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் பொதுவாக ஏற்றவை, ஆனால் விடியற்காலையில் புல்நுனிகளில் உறைபனி படியும் அளவுக்குக் குளிர் இருக்கும். கிரிகல்பொத்தவுக்குக் கிளம்புவதானால் பாதையின் நிலையை நுழைவாயிலில் உள்ள அலுவலர்களிடம் கேட்டறிந்து, ஏழு மணிக்கு முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். பனி இறங்கியபின் புல்வெளியில் திசை தடுமாறுவது எளிது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: இவ்விரு பாதைகளின் தூரம், கடினம், அன்றைய நிலை, திரும்பிவிட வேண்டிய நேரம் ஆகியவற்றைத் தமிழ் உட்பட மும்மொழியிலும் நுழைவுச்சீட்டு வழங்கும் இடத்திலேயே எழுதிவையுங்கள்; ஒரு நாளில் கிரிகல்பொத்தவுக்குச் செல்லக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கும், கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஓர் எல்லை வகுத்துவிடுங்கள்.