அப்பாவுக்கு 'துணைக்கு ஆள்' தேடாதீர்கள்

அம்மா போய் ஐந்தாறு வருடம் கழித்து, 66 வயது அப்பா "எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கும்மா" என்று சொன்னால், கல்யாணமாகிப் போன மகள்கள் முதலில் பயப்படுவது மாமியார் வீட்டுப் பேச்சுக்கு. அடுத்த பயத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை: வீடு. இரண்டுமே நியாயமான பயம்தான். ஆனால் பல குடும்பங்களில் உடனே ஒரு சமாதானம் சொல்வார்கள்: "கல்யாணமெல்லாம் எதுக்கு, சமைச்சுப் போட, துணைக்குன்னு வந்து இருக்கட்டுமே." இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படித் துணைக்கு வந்த அந்த அம்மா பத்து வருடம் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்து எழுந்திருப்பார். அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் துணிப்பையோடு தெருவில் நிற்பார். சட்டப்படி அவர் வாரிசே இல்லை.

மகள்களின் பயம் தீர வேண்டுமென்றால் சில வேலைகளைக் கல்யாணத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். முதலில் அம்மாவின் சொத்து. உயில் இல்லாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. இரண்டு மகள்கள் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அம்மாவின் நகைக்கும் இதே கணக்குதான். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பட்டாவையும் மாற்றிவிடுங்கள். நகையை எடை போட்டு எழுதி வைத்துப் பிரியுங்கள்.

சண்டை பெரும்பாலும் சொத்தில் ஆரம்பிப்பதில்லை. அடியில் அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டிய எவர்சில்வர் தூக்கு, பீரோ மேல்தட்டில் அந்துருண்டை வாசனையோடு மடித்திருக்கும் கூறைப்புடவை. புதிதாக வந்தவர் அந்தத் தூக்கில் மோர் ஊற்றி வைத்திருப்பதைப் பார்க்கிற அன்றைக்குத்தான் மகளுக்கு நெஞ்சை அடைக்கும். வந்தவர் மேல் தப்பே இல்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் வருமுன்னே மகள்கள் இரண்டு நாள் தங்கி, வேண்டியதை எடுத்துப் போய்விட வேண்டும்.

அடுத்தது அப்பாவின் சொந்தச் சொத்து. உயில் எழுதாமல் விட்டால் இரண்டாவது மனைவிக்கு ஒரு பங்கு, மகள்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. அந்த மனைவியும் உயில் இல்லாமல் இறந்தால், முதல் திருமணத்தில் அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவருடைய பங்கு அவர்களுக்குப் போகும். இல்லையென்றால் உங்கள் அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். இதை வைத்துத்தான் உயில் எழுத வேண்டும். வழக்கமான ஏற்பாடு, வீட்டில் மனைவிக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை, பிறகு மகள்களுக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது: அந்த உரிமை ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கொடுத்தது என்று ஆகிவிட்டால், அது முழு உரிமையாகவே மாறலாம். 1977 துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதனால் அவருடைய செலவுக்குத் தனியாக டெபாசிட் போட்டுவிட்டு, வாசகத்தை நல்ல வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர், சொத்து வாங்குகிறவர்கள் சாட்சி போட வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கல்யாணத்துக்குப் பிறகுதான் உயில் எழுத வேண்டும், ஏனென்றால் முன்பு எழுதியது கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி ரத்தாகாது.

பயத்தில், அப்பா உயிரோடு இருக்கும்போதே எல்லாச் சொத்தையும் தங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரமாக எழுதி வாங்கும் மகள்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். பிறகு கைவிட்டால் 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அதுதான் பிடிமானம்.

வருகிறவரின் பக்கமும் பாருங்கள். முதல் கணவரின் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவராக இருந்தால், தமிழக அரசு விதியில் மறுமணத்தோடு அது நின்றுவிடும். மத்திய அரசில், பிள்ளையில்லாத விதவைக்கு மட்டும் வருமான வரம்புக்கு உட்பட்டு விலக்கு உண்டு. இதற்காகவே மறைத்து வாழ்கிறவர்கள் ஏராளம். வருடாந்திர நேர்காணலில் மறுமணம் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டி வந்தால், அந்த வயதில் யாரால் முடியும்? மாதம் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதை அப்பாவின் வருமானம் ஈடுகட்டுமா என்று முதலிலேயே பேசுங்கள். கணவரைப் பிரிந்து வாழ்கிறவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். "இருபது வருஷமாப் பிரிஞ்சுதான் இருக்காங்க" என்பது செல்லாது. அந்தக் கல்யாணமே செல்லாமல் போகும்.

கல்யாணம் எளிது. இருவரும் இந்துக்கள் என்றால் உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலே போதும், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவில் சுயமரியாதைத் திருமணமாகச் செல்லும். மதம் வேறென்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ். பதிவை 90 நாளுக்குள் முடியுங்கள். துணையை இழந்தவர்கள் அந்த இறப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

அப்பா அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், பதிவுச் சான்றிதழ் வந்த வாரமே ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய் மனைவி பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 1989-இல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பெயர் ஏறாமல் அப்பா இறந்துபோனால், அதை நிரூபிக்க அந்த அம்மா வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். வங்கி நாமினியையும் அப்போதே பாருங்கள். இப்போது ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம், மனைவி, மகள்கள் எல்லோரையும் சேர்க்க இடமிருக்கிறது.

அவரை "அம்மா" என்று கூப்பிடச் சொல்லி மகள்களை யாரும் நெருக்க வேண்டாம். சித்தி என்று வாயில் வர ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். முதல் பொங்கல் சீர் மட்டும் அப்பா தனியாக எடுத்துக்கொண்டு வராமல், இரண்டு பேருமாக மகள்கள் வீட்டுக்கு வரட்டும்.