உளுந்துத் தொலியைக் கழுவிக் கொட்டிவிட்டுத் தடுப்பூசியைக் குறை சொல்லாதீர்கள்

"பழைய சோறு சாப்பிட்ட நம் முன்னோர் எந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள்?" என்று கேட்கும் அந்தப் பதிவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. இம்முறை அதற்கு அறிவியல் சாயமும் பூசியிருக்கிறார்கள். குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான் நோய் எதிர்ப்பைத் தீர்மானிக்கின்றனவாம், ஆகவே ஊசி தேவையில்லையாம். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியை நம்பினால் பிள்ளைகள் சாகும். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரியம்மைத் தழும்போடு வாழ்ந்த முகங்களையும், போலியோவில் சூம்பிய கால்களையும் பார்த்திருக்கிறேன். முன்னோர் எதைப் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்பவர்கள், அவர்கள் எத்தனை பிள்ளைகளைப் புதைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். தானியம், பருப்பு, காய்கறியில் இருக்கும் நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. நோய்க்கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் சுரப்பவை வெள்ளை அணுக்களில் ஒரு வகையான பி அணுக்கள். அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை இந்த அமிலங்கள் தருகின்றன. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு நார்ச்சத்து குறைந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் குறைந்தது. நார்ச்சத்தையோ அந்த அமிலங்களையோ திரும்பக் கொடுத்தபோது கூடியது. அதற்கு முன்பே, 2014-இல், ஃப்ளூ தடுப்பூசியை வைத்து இன்னோர் ஆய்வு வந்தது. குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் உடல் தடுப்பூசிக்குச் சரியாக எதிர்வினை காட்டவில்லை.

எலி வேறு, மனிதர் வேறு என்பீர்கள். சரிதான். 2019-இல் மனிதர்களிடமே பார்த்தார்கள். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்குச் சில நாட்கள் கடுமையான ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொடுத்துவிட்டு, ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். குடல் பாக்டீரியாக்கள் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்தன. ஏற்கெனவே ஃப்ளூவுக்கு எதிர்ப்பு உள்ளவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. அந்த எதிர்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கோ, ஒரு வகை ஃப்ளூ கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் குறைந்துபோனது. பல கிருமிகளை முதல் முறையாகச் சந்திக்கும் பச்சிளம் பிள்ளைகள் இவர்களில் யாரைப் போன்றவர்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

இதைப் படித்ததிலிருந்து மருந்துக்கடைப் பக்கம் போனால் எனக்கு வயிறு எரிகிறது. அண்மையில் ஒரு கடையில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம், "என்ன வாங்குகிறாய் தாயி?" என்று கேட்டேன். "போன மாதம் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துதான் அக்கா, அப்போது நன்றாகக் கேட்டது" என்றாள். கையில் ஆன்டிபயாடிக் சிரப். பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. 2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு, பிறந்த சில நாட்களிலேயே ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளுக்கு நிமோனியாத் தடுப்பூசியின் எதிர்ப்பொருள் குறைவாக இருப்பதைக் காட்டியது. அவர்களின் குடலில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா குறைந்திருந்தது. தேவைப்படும்போது ஆன்டிபயாடிக் உயிரைக் காக்கும். மருத்துவர் எழுதினால் முழு அளவும் கொடுத்தே ஆக வேண்டும். நாமாக வாங்கி ஊற்றுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

அந்த பிஃபிடோபாக்டீரியாவுக்குத் தீனி தாய்ப்பாலிலேயே இருக்கிறது. குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் தாய்ப்பாலில் உண்டு. அவை அந்தப் பாக்டீரியாவுக்கென்றே வருபவை. நம் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் வாயில் சேனை வைக்கும் வழக்கத்தை இதற்காகவாவது விட்டுவிடலாம். சீனித் தண்ணீருக்கும் தேனுக்கும் அந்த வாயில் இடமில்லை. சீம்பால் போதும்.

இனி நம் மாநிலத்துக் கதை. போலியோ முகாம் நாட்களில் வாசல்தோறும் நான் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "இன்னும் எத்தனை தடவைதான் ஊற்றுவீர்கள்?" அதில் நியாயம் இருந்தது. வாய்வழிச் சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ்; அது குடலில் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். பணக்கார நாடுகளில் போதுமானதாக இருந்த மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதை வேலூரில் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே காட்டினார். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்திலும் இதே கதைதான். டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் நடந்து 2014-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், நம் நாட்டில் தயாரான ரோட்டாவேக் என்ற மருந்து, ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கைச் சுமார் 55 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா தடுப்பு மருந்துகள் 85 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்புத் தருகின்றன. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், குடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு வைரஸ்கள், ஊட்டச்சத்துக் குறைவு, அசுத்தமான தண்ணீரால் புண்பட்ட குடல், அங்கே வாழும் பாக்டீரியாக்கள் என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்துவருகிறார்கள்.

குடலைச் சரிசெய்தால் மருந்து வேலை செய்துவிடும் என்று எளிதாகவும் நினைத்துவிடக் கூடாது. அதே வேலூரில் போலியோ சொட்டு மருந்துக்கு முன் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட பாக்டீரியாக்கள் குறைந்தன, குடல் அழற்சியும் தணிந்தது. மருந்தின் பலனோ கூடவில்லை. புரோபயாடிக் என்று நல்ல பாக்டீரியாப் பொடி விற்பவர்கள் இந்த முடிவைச் சொல்ல மாட்டார்கள். ரோட்டாவேக் தரும் 55 சதவீதம் என்பதும் சின்ன எண்ணில்லை. வாந்தியும் பேதியுமாகக் கண் உள்வாங்கிய குழந்தையை இரவில் ஆட்டோவில் ஏற்றி பாளையங்கோட்டைக்கு ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2017 முதல் தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம்.

இப்போது அடுப்படிக்கு வருகிறேன். நம் வீடுகளில் இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டுக் கையால் அலசுவார்கள். கறுப்புத் தொலி மேலே மிதந்து வரும். அதைச் சாய்த்து ஊற்றி, மறுபடியும் தண்ணீர் விட்டு, உளுந்து பால்போல் வெளுக்கும்வரை கழுவுவார்கள். தொலி மிதக்கும் அந்தக் கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடு பாக்கியம் செய்தது! தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முழு உளுந்தில் சுமார் 20 கிராம் நார்ச்சத்து. தொலி நீக்கினால் சுமார் 12 கிராம்தான் மிஞ்சுகிறது. வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம். இட்லி, வெள்ளைச் சோறு, ராத்திரி புரோட்டா என்று ஓடும் நாளில் அது எங்கிருந்து சேரும்?

இத்தனைக்கும் தொலியோடு சமைக்கத் தெரிந்த ஊர் நம்முடையது. உளுந்தஞ்சோற்றைச் சொல்கிறேன். தொலி உளுந்தை மணம் வர வறுத்து, புழுங்கலரிசியோடு பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பூ போட்டுக் குழைய வேகவைத்து, எள்ளுத் துவையலோடு சாப்பிட்டால் அதற்கு மேல் குழம்பு எதற்கு? பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் என்று அதை ஒதுக்கிவைத்துவிட்டோம். சீனி அவரைக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, தை மாதம் குவியும் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் எல்லாம் பாக்டீரியாவுக்கு விருந்து. பழைய சோற்றுக்கும் பங்கு உண்டு; ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. அந்த வாட்ஸ்அப் பதிவில் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன்.

உளுந்தஞ்சோறு சாப்பிட்டால் தடுப்பூசி இத்தனை மடங்கு வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். மலச்சிக்கலுக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நார்ச்சத்து நல்லது என்பது உறுதி. தடுப்பூசிக்கும் துணை நிற்கும் என்பதற்கு நல்ல அறிகுறிகள் இருக்கின்றன. அதுவே போதும், காலை உணவுத் திட்டத்தில் ரவைக்கும் சேமியாவுக்கும் நடுவே வாரம் ஒரு நாள் உளுந்தஞ்சோறு கேட்க. அங்கன்வாடியிலும் கேட்க வேண்டும். கிராம சபைக்குப் போகிறவர்கள் இதை எழுதிக்கொடுங்கள்.

இன்னொன்று. வேலூரில் செய்ததை ஏன் திருநெல்வேலியில் செய்யக் கூடாது? 1965 முதல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முதியவர்களில் ஒரு பிரிவினருக்குச் சில வாரம் முன்பிருந்தே தொலி உளுந்தும் கம்பும் கொடுத்து, மற்றவர்களை வழக்கமான சாப்பாட்டில் விட்டு, இரு பிரிவினரின் எதிர்ப்பொருளையும் அளந்து பார்க்கலாம். அங்கே படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் உங்கள் பேராசிரியரிடம் பேசுங்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்.