"சர்க்கஸ்" என்று எழுதியவருக்கு

வேதியியல் செய்து காட்டிய அந்த அரசுப் பள்ளி டீச்சரின் வீடியோவுக்குக் கீழே "இது அறிவியல் இல்லை, சர்க்கஸ்" என்று எழுதியதைப் பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அவர் செய்து காட்டியது பிரிக்ஸ்-ரவுஷர் வினை. நிறமில்லாத மூன்று கரைசல்களை ஒரே பீக்கரில் ஊற்றிக் கலக்குகிறார். மெல்ல மெல்லத் தேன் நிறம் ஏறுகிறது, திடீரென்று மொத்தமும் கருநீலம், அப்புறம் அந்த நீலம் வெளுத்துப் போய் மறுபடி தேன் நிறம். யாரும் எதையும் சேர்க்காமலே சில நிமிடங்களுக்கு இப்படி மாறி மாறிப் போகிறது. அயோடின் உண்டாகும்போது தேன் நிறம், அது அயோடைடோடு சேர்ந்து ஸ்டார்ச்சைப் பிடித்துக்கொண்டால் நீலம், கரைசலில் இருக்கும் மாலோனிக் அமிலம் அயோடினைத் தின்றுவிட்டால் நிறம் போய்விடும். இதில் எது சர்க்கஸ்?

1973இல் இதை வெளியிட்டவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்கள். அதற்கு முன்பே, 1950களில், சோவியத் ரஷ்யாவில் பெலூசோவ் இதுபோல நிறம் ஊசலாடும் ஒரு வினையைக் கண்டுபிடித்து ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினார். இப்படி நடக்கவே முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1970இல் அவர் இறந்தார், அதற்கான சோவியத் அரசின் லெனின் பரிசு 1980இல்தான் வந்தது. பீக்கரைப் பார்த்திருந்தால் போதும். பார்ப்பதிலிருந்துதான் அறிவியலே தொடங்குகிறது, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நான் ப்ளஸ் டூ படித்த பள்ளியில் லேப் கதவு திறந்ததே பிராக்டிகல் நெருங்கிய பிறகுதான். உப்பைத் தீயில் காட்டினால் கால்சியம் என்றால் செங்கல் சிவப்புச் சுடர், பேரியம் என்றால் பச்சைச் சுடர் என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதினோம். ஒரு சுடரையும் நான் பார்க்கவில்லை. எந்த உப்பு வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நல்ல மார்க்தான் வந்தது. அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று யாரிடம் கேட்பது?

பாதுகாப்பு என்பீர்கள். சரி, நியாயம்தான். மெத்தனாலை ஊற்றிக் கொளுத்தும் வானவில் சுடர் செய்முறையில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மோசமான தீக்காயம் பட்டிருக்கிறது, அதை வகுப்பில் செய்யவே கூடாது. ஆனால் இந்த டீச்சர் கண்ணாடி, கையுறை போட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துத்தானே செய்தார்?

"பார்த்தால் மார்க் வருமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"தெரிந்ததை எதற்குக் காட்ட வேண்டும்?" என்கிறார் இன்னொருவர். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. காற்றுத் தடை இல்லையென்றால் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும் என்று கலிலியோ சொன்னது சரி என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் காட்டினார். தேடிப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். அவரையும் சர்க்கஸ்காரர் என்பீர்களா? மாட்டீர்கள். அரசுப் பள்ளி டீச்சர் என்றால்தான் வாய் வருகிறது. எனக்கு வலிப்பது அதுதான்.

ரசாயனமெல்லாம் தன் கைக்காசில் வாங்கியதாக அவர் அந்த வீடியோவிலேயே சொல்கிறார். அதையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் நீங்கள்.